அண்ணன் நம்பரில் வந்த தங்கை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் கடைசியாக வந்தது குருசுக்குப்பத்துக் குடும்பம். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அந்த வயதில் வருகிற வரனில் எங்கள் வீட்டார் குறை தேடுவதை நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு விசைப்படகு எஞ்சின் பழுதுபார்க்கும் வேலை. அம்மா மீன் வியாபாரம். குடிப்பழக்கம் இல்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கு மொசைக் போட்ட நாளிலிருந்து அதற்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

வாயைத் திறந்தது மாப்பிள்ளையின் தங்கை மட்டும்தான். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற பெண். காப்பி டம்ளரை எடுத்த கையோடு, "பாட்டு கேப்பீங்களா அண்ணி?" என்றாள். இன்னும் யாரும் சரி என்றே சொல்லவில்லை, அதற்குள் அண்ணி.

என் அம்மா முந்திக்கொண்டாள். "ஆடி மாசம் கோயில்ல பாடுவா. நல்லாவே பாடுவா." அது பொய். நான் பாடினால் ஒலிபெருக்கிக்காரர் வயரைச் சரிபார்ப்பார்.

"அது இல்லம்மா. குரூப் பாட்டு. பசங்க குரூப், பொண்ணுங்க குரூப்பு, அந்த மாதிரி."

நான் எனக்குப் பிடித்த பையன்கள் குரூப்பின் பெயரைச் சொன்னேன். ஐந்து பேர், இங்கிலீஷ் பாட்டு. அவள் சிரித்துவிட்டாள். "அவங்களா? அவங்கல்லாம் தாத்தா ஆயிட்டாங்களே அண்ணி."

அன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. நான் அதற்கு ஒப்புக்கொண்டும் இருந்தேன். "தாத்தா ஆனா என்ன, அவங்க ஒரு பாட்டு வித்த அளவுக்கு இன்னும் யாரும் விக்கல" என்றேன். மாப்பிள்ளை முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். அதை நல்ல சகுனம் என்று இரண்டு வீடும் எடுத்துக்கொண்டன. அடுத்த வாரமே வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணம் தை மாதம் என்று முடிவானது.

அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது எங்கள் பக்கத்து வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடு அது. லீவுக்கு பிரான்சிலிருந்து வந்த அவருடைய பேரப்பிள்ளைகள் அந்த ஒற்றைப் பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து, ஊருக்குத் திரும்பும்வரை அதையே போட்டார்கள். தெருவே வெறுத்தது. எனக்கு மட்டும் பிடித்துப்போனது. அதன்பிறகு அதைப் பற்றி நான் பேச ஆள் கிடைக்கவில்லை. தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் பில் போடுகிறேன். அங்கே இருப்பவர்களுக்கு மூடியைப் பற்றிப் பேசவே நேரம் சரியாக இருக்கும்.

மாப்பிள்ளையின் நம்பரை என் போனில் பதிந்ததும் அம்மாதான். 'மாப்பிள்ளை' என்று பதிந்தாள். முதல் நாள் அவர் கூப்பிட்டு, "சாப்ட்டீங்களா?" என்றார். "ஆச்சு. நீங்க?" என்றேன். "ஆச்சு" என்றார். பிறகு இருவரும் மரியாதையாகச் சும்மா இருந்தோம். அந்த நேரம் பார்த்து யாரோ போனைப் பிடுங்கினார்கள். "அண்ணி, அன்னிக்கி நீங்க சொன்னது தப்பு. எங்க பொண்ணுங்கதான் முதல்ல."

தங்கைக்குப் பிடித்த குரூப் கொரியாப் பெண்கள், நான்கு பேர். அன்றிலிருந்து அவள்தான் கூப்பிட்டாள், தினமும் அண்ணன் போனிலிருந்து. காரணம் கேட்டபோது, ஏதோ எல்லார் வீட்டிலும் நடப்பதைப் போலச் சொன்னாள். அவளுடைய போன் ஓய்வாக இல்லை. அது அந்தப் பெண்களின் பாட்டை ஓட்டிக்கொண்டே இருந்தது. ஓட ஓட, எத்தனை தடவை கேட்டார்கள் என்ற எண்ணிக்கை நெட்டில் ஏறும். நடுவில் போன் பேசினால் பாட்டு நின்றுவிடும். சத்தத்தை அடியோடு குறைத்தால் கணக்கில் சேராது. அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் மெஷின் சந்தேகப்பட்டு ஒதுக்கிவிடுமாம். அதனால் நடுநடுவே வேறு பாட்டு வைக்க வேண்டும். அவள் அம்மன் பாட்டு வைத்திருந்தாள், போனை சாமி அலமாரியில் வைத்திருந்தாள். பெண்ணுக்கு பக்தி வந்துவிட்டது என்று அவள் அம்மா மார்க்கெட்டில் சொல்லிப் பெருமைப்பட்டாராம்.

அண்ணன் விடியும் முன்னே துறைமுகத்துக்குப் போகிறவர். சாயங்காலம் சாப்பிட்டதும் கண் சொக்கிவிடும். தங்கை போனைக் கேட்டால் அவருக்கு ஒரு பாரம் குறைந்த மாதிரி. இதில் யார் மேலும் தப்பு இல்லை.

எங்கள் சண்டை இதுதான். விற்பனை என்றால் ஒருவர் காசு கொடுத்து இன்னொருவர் பொருள் கொடுப்பது என்பது என் கட்சி. கேட்டால் போதும், கேட்டதெல்லாம் விற்றதுதான் என்பது அவள் கட்சி. எண்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்கள், எனக்கு இப்போது நேரம் இல்லை.

"உங்க காலத்துல வாங்கினவன் ஒரு தடவ கேட்டுட்டு கட்டிலுக்கடில போட்டிருப்பான் அண்ணி. அதையும் ஒண்ணுன்னுதானே எண்றீங்க?"

"மீன் விக்கிற வீட்டுப் பொண்ணு பேசுற பேச்சா இது? வாங்கினு போனவங்க கொழம்பு வெச்சாங்களா, பூனைக்குப் போட்டாங்களான்னு பாத்துட்டா உங்கம்மா எண்றாங்க? வித்தா வித்ததுதான். சும்மா பாத்துட்டுப் போறவங்கள எல்லாம் எண்ணுவாங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று அவள் போனை வைத்துவிட்டாள். எனக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கியது. மறுநாள் எடுத்த எடுப்பில், "அதே ஆளு தெனம் வந்து மீன் வாங்கினா, தெனம் ஒரு வியாபாரம்தானே? அப்ப அதே ஆளு தெனம் கேட்டா?" என்றாள். யோசித்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது.

ஒருநாள் என்னை மடக்கினாள். "நீங்க அந்தப் பாட்ட காசு குடுத்து வாங்கினீங்களா அண்ணி?"

வாங்கினேன். சண்டே மார்க்கெட்டில், நூற்றைம்பது பாட்டு ஒரே திருட்டு சிடியில். அட்டையில் என் ஐந்து பேரின் படம்கூட இல்லை, ஏதோ ஒரு அருவி இருந்தது. என் கணக்குப்படி நானே கணக்கில் இல்லை. அவள் சிரித்த சிரிப்பில் நான் போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நானே திரும்பக் கூப்பிட்டேன்.

இதெல்லாம் எங்கள் மொட்டை மாடியில் நடந்தது. கீழே படிக்கட்டில் நின்றால் என் குரல் மட்டும் கேட்கும். அம்மா காதில் விழுந்தது 'கோடி', 'எத்தனை நாடு', 'வித்தாச்சா இல்லியா' போன்றவைதான். "எஞ்சின் ரிப்பேர்ல இவ்வளவு பணமாடி?" என்று ஒருநாள் அடிக்குரலில் கேட்டாள். அவள் என்ன சொல்கிறாள் என்று புரியாமல் பார்த்தேன். இன்னொரு நாள், "மாப்பிளய இப்பவே அப்பிடி எதுத்துப் பேசாத, கொஞ்சம் விட்டுக் குடு" என்றாள். "தப்பா பேசினா எப்படிம்மா விட்டுக் குடுக்கறது?" என்றேன். அம்மா அப்பாவைப் பார்த்துப் பூரித்துப்போனாள். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டிய பெண் தினமும் மாப்பிள்ளையோடு உரிமையாகச் சண்டை போடுகிறாள். இதைவிட என்ன வேண்டும்?

ஐப்பசி முடியும் சமயத்தில் தரகர் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "பையன் வேணாங்கறான். பொண்ணு அவன்கிட்ட பேசவே மாட்டேங்குதாம். புடிக்காம கட்டிக்குதுன்னு நெனைக்கிறான்."

"பேசலியா?" என்று எழுந்தாள் அம்மா. "தெனம் மாடில நின்னு தொண்ட தண்ணி வத்துற வரைக்கும் பேசுறா. என் காதால கேட்டேன்." என் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மேலிருந்து கீழ்வரை மாப்பிள்ளை, மாப்பிள்ளை, மாப்பிள்ளை.

தரகர் இதை அங்கே போய்ச் சொன்னார். பெண் தன்னோடு பேசவே இல்லை என்று மாப்பிள்ளை திரும்பச் சத்தியம் செய்தாராம். எங்கள் வீடு அவரைப் பொய்யன் என்றது. அவர்கள் வீடு எங்களைப் பொய்யர்கள் என்றது. உண்மையில் அந்த மனிதர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"அம்மா, நான் பேசினது அவரு தங்கச்சிகிட்ட" என்றேன்.

"போதும். அவன காப்பாத்தறதுக்கு இப்ப அந்தச் சின்னப் பொண்ண இழுக்காத" என்றாள் அம்மா. நான் இரண்டு தடவை, மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அதற்குமேல் என்ன செய்வது?

பூ வைத்தபோது கொடுத்த புடவையைத் திருப்பி அனுப்பினோம். சம்பந்தம் முறிந்தால் அத்தோடு அந்த வீட்டுப் பேச்சு இல்லை. எதிரே வந்தாலும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அதிலும் வேண்டாம் என்று சொல்லப்பட்ட பெண் அந்த வீட்டுக்குப் போன் செய்தால் ஊர் என்ன பேசும் என்று சொல்லவே வேண்டாம். அம்மா தன் கையாலேயே 'மாப்பிள்ளை'யை பிளாக் செய்தாள். என்னிடம் இருந்தது அந்த ஒரு நம்பர்தான். அவளுடைய நம்பரை நான் வாங்கவே இல்லை. அந்தப் போன்தான் பாட்டு ஓட்டிக்கொண்டிருந்ததே, வாங்கி என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

நான் அழுதேன். குளிக்கும்போது, பஸ்ஸில், பில் போடும்போது. எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அவனைவிட நல்ல பையன் கிடைப்பான் என்றார்கள். எனக்கு அவர் முகமே சரியாக ஞாபகம் இல்லை. மீசை உண்டா என்று கேட்டால்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். நான் அழுதது அந்தப் பெண்ணுக்காக. இவ்வளவு வருஷத்தில், நான் சொன்ன ஒன்றை ராத்திரியெல்லாம் யோசித்து மறுநாள் மறுத்துப் பேசிய ஒரே ஆள் அவள்தான். அவள் இல்லாமல் எனக்கு ரொம்ப வெறுமையாக இருந்தது.

நெட்டில் தேடினேன். அந்தப் பெண்கள் குழுவின் ரசிகர்கள் எல்லாரும் தங்கள் முகத்துக்குப் பதில் பாடகிகளின் முகத்தை வைத்திருந்தார்கள். இதில் குருசுக்குப்பத்து முகம் எது? கமெண்டில் போய் என் பழைய வாதத்தை எழுதிப் பார்த்தேன். மணிலாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் திட்டினார்கள். ஒருவர் என் கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொன்னார். ஒருவர்கூட மீனைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் ஆபீஸ் விட்டு நேரே குருசுக்குப்பத்துக்கே போனேன். தெருமுனையில் நின்றேன். யாராவது பார்த்தால் பையனைத் தேடி வந்திருக்கிறாள் என்பார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாசலில் அம்மாவின் குரல் ஒரு மாதிரியாகக் கேட்டது. வெளியே வந்து பார்த்தேன். அந்தத் தங்கை தனியாக நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

அம்மாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது தப்பாக விளங்கிவிட்டது. "வாம்மா, உள்ள வா" என்று நாற்காலியைத் துடைத்தாள். அப்பா சட்டை மாட்டிக்கொள்ள உள்ளே ஓடினார். அம்மா என்னைப் பார்த்துத் தலையை வாரச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். காப்பியோடு வந்து, "அண்ணன் அனுப்பிச்சாரா?" என்றாள்.

"இல்லம்மா. அண்ணனுக்கு கடலூர்ல பொண்ணு முடிஞ்சிடுச்சி. போன வாரம் பூ வெச்சிட்டு வந்துட்டோம்."

காப்பி டம்ளர் அம்மா கையிலேயே நின்றது. "அப்ப நீ எதுக்கும்மா வந்த?"

"அது முடியட்டும்னுதான் இருந்தேன். முன்னாடியே வந்திருந்தா எங்கண்ணனுக்காக வந்தேன்னு நெனைச்சிருப்பீங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, எல்லா நாட்டையும் சேத்து எண்ணினா உங்க பசங்கதான் முதல்லன்னு. அது தப்பு."

"எப்படித் தப்பு?" என்றேன்.

சொன்னாள். நான் மறுத்தேன். வாங்கினது, கேட்டது, வித்தது, கோடி, எத்தனை நாடு. அப்பா சட்டையோடு வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். அம்மா மட்டும் டம்ளரோடு அசையாமல் நின்றாள். என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, மாடில தெனம் இதத்தான் பேசினியா? இவகிட்டயா?"

"நான் அப்பவே சொன்னேன்லம்மா."

"அப்ப அத்தன நாளு அழுதியே?"

அம்மா டம்ளர் பிடித்த கையாலேயே அவளைக் காட்டினாள். "இவளுக்கா?"

"ஆமா" என்றேன்.

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

"நானும்தான்" என்றாள். "எங்க வீட்ல, அண்ணனுக்காக அழுவுறேன்னு நெனைச்சிட்டாங்க."