மூன்றாவது சிலிண்டரின் சூடு

எண்பதுகளின் தொடக்கத்தில், டீசல் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே நான் ஒருத்திதான் பெண். ஜவ்வாது மலைக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸைப் பார்த்துவிட்டு வரும் வேலையை யாரும் விரும்பவில்லை. அது என் தலையில் விழுந்தது. ஏற்றத்தில் அந்த பஸ் கரும்புகையாகக் கக்குகிறது, டீசலைக் குடிக்கிறது, பாதி வழியில் கொதித்துப்போய் நின்றுவிடுகிறது என்று அதன் முதலாளி புகார் சொல்லியிருந்தார். டிரைவர் மிதிக்கிற மிதிதான் காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார்.

டிரைவர் வாணியம்பாடிக்காரர். எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கருவிப்பெட்டியோடு நான் போய் நின்ற முதல் நாள் அவர் முகம் இறுகிப்போனது.

"என் மேல பழி போடறதுக்கா மேடம் இதெல்லாம்?"

"எஞ்சின்ல இன்னான்னு பாக்கத்தான் பாய்," என்றேன். அவர் பேச்சை நான் பேசியதற்குச் சிரித்தார். ஆனால் நம்பவில்லை.

நான் கொண்டுபோனவை அந்தத் தடத்தில் யாரும் பார்த்திராத, சூட்டை அளக்கும் உணரிகள். வெவ்வேறு உலோகத்தில் செய்த இரண்டு கம்பிகளை நுனியில் பற்றவைத்தால், நுனி சூடேறும்போது அதில் மிக மெல்லிய மின்னழுத்தம் உண்டாகும். அதை டிகிரியாக மாற்றி ஒரு முள் காட்டும். ஆறு சிலிண்டர்களிலும் புகை வெளியேறும் வாயில் சிறு துளை போட்டு, துளைக்கு ஒரு கம்பியாகச் செருகினோம். டீசல் குழாயின் அழுத்தத்தை அளக்க இன்னொரு உணரி. எல்லாம் டிரைவருக்குப் பக்கத்திலிருந்த எஞ்சின் மூடியைச் சுற்றிக்கொண்டு என் மடியிலிருந்த பெட்டிக்கு வந்து சேர்ந்தன. குமிழைத் திருப்பினால் ஒவ்வொரு சிலிண்டரின் சூடும் தெரியும். ஏதாவது அறுந்துபோனால் மாட்டுவதற்கு ஓர் உபரிக் கம்பியும் பெட்டியில் இணைந்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது; குமிழின் கடைசித் திருப்பு அதற்கு.

புளி மூட்டையோடு ஏறிய ஒருவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வண்டிக்கு ஜொரமா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. "ஆமாங்க, எவ்ளோன்னு பாக்கறேன்," என்று நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்தத் தடத்தில் நான் வண்டிக்கு ஜுரம் பார்க்கிற அம்மா.

சில நாட்களிலேயே விஷயம் பிடிபட்டது. ஏற்றத்தில் ஐந்து சிலிண்டர்கள் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க, மூன்றாவது மட்டும் தனியாக எகிறியது. அதற்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. பாயிடம் முள்ளைக் காட்டிச் சொன்னேன்.

"அப்ப என் காலு காரணமில்லியா?"

"இல்ல பாய்."

"வூட்ல கூட நம்பல மேடம்," என்றார். அடுத்த டீக்கடையில் எனக்கும் சேர்த்து அவரே டீ சொன்னார்.

புது இன்ஜெக்டர் தொழிற்சாலையிலிருந்து வரவேண்டும். அதுவரை வழக்கம்போல் இரண்டு இடத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை ஆறவிட்டுத்தான் மலையேறினோம். அந்த இடைவெளியில் வந்தது ஒரு சந்தை நாள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. மலையடிவாரத்துக்கு மேல் ஒரு திருப்பத்தில் இளம்பெண் ஒருத்தி கைகாட்டி ஏறினாள். நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்துக் குக்கிராமம் ஒன்றிலிருந்து நடந்தே வந்து சாலையைப் பிடித்திருந்தாள். மாராப்பில் இரண்டு வயதுப் பெண்குழந்தை துவண்டு கிடந்தது. மலைமேல் பஸ் போய்ச் சேரும் ஜமுனாமரத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம். கண்டக்டர் ஒருவரை எழுப்பி, என் பக்கத்தில் அவளை உட்காரவைத்தார்.

நான் மூன்றாவது சிலிண்டரின் மேல் கண்ணாக இருந்தேன். ஒரு வளைவில் சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, அவள் அந்த உபரிக் கம்பியை எடுத்துக் குழந்தையின் கழுத்தில் அழுத்திப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். இன்னொரு கையால் குமிழையும் திருப்பிவிட்டிருந்தாள். நான் செய்வதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். முள் அடியிலேயே கிடந்தது.

"ஏறவே இல்லக்கா," என்றாள். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஜொரம் வுட்டுடுச்சு." உடனே கண்டக்டர் பக்கம் திரும்பி, "அண்ணே, முன்னாடி வர்ற ஊர்ல எறங்கிக்கறேன். எங்கம்மா வூடு அங்கதான் கீது," என்றாள்.

குழந்தையைத் தொட்டேன். கொதித்தது. மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கியது.

"எறங்காதம்மா. இது எஞ்சினுக்கு வெச்சது. கொழந்தை ஜொரம் இதுல தெரியாது."

"வண்டிக்கு மட்டும் காட்டுது?" அவள் குரலில் கோபம் இருந்தது. கிடைத்த நிம்மதியை நான் பிடுங்குகிறேன் என்ற கோபம்.

நூற்றுக்கணக்கான டிகிரிகளை அளக்கும் முள் அது. ஒரு தாயை இத்தனை தூரம் நடக்கவைத்த மூன்று, நான்கு டிகிரி அதற்கு மயிரிழைகூட இல்லை. தவறாக எதையும் அது சொல்லிவிடவில்லை. அவ்வளவு சிறியதைப் பற்றிச் சொல்ல அதற்குத் திறன் இல்லை. இதைப் படித்தவர்களுக்கு விளக்கவே நேரமாகும். பஸ்ஸோ அவள் அம்மா ஊரை நெருங்கிக்கொண்டிருந்தது.

கம்பியை வாங்கி என் உள்ளங்கையில் அழுத்திக் காட்டினேன். முள் அதே இடத்தில் இருந்தது. அவள் கையில் வைத்தேன், அதேதான். பிறகு எஞ்சின் மூடியைக் கொஞ்சம் தூக்கி உள்ளே சூடான இரும்பில் வைத்தேன். முள் எழுந்தது.

"நமக்கும் பாப்பாவுக்கும் ஒண்ணாவே காட்டுது, பாத்தியா? இப்ப என் கையத் தொடு. அப்புறம் பாப்பாவத் தொடு."

அவள் இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது. குழந்தையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"பஸ்ஸு நிக்க வாணாம், போலாண்ணே," என்று கண்டக்டரிடம் சொன்னாள்.

பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி ஏற்றம் தொடங்கும் இடம் வந்தது. நாங்கள் வழக்கமாக இரண்டாவது முறை ஓரங்கட்டும் இடம் அது. "நிறுத்தாம போனா தாங்குமா மேடம்?" என்றார்.

மூன்றாவது சிலிண்டருக்குக் குமிழைத் திருப்பினேன். ஆபத்தான சூட்டுக்கு நான் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு போட்டிருந்தேன். முள் அதற்குக் கீழே இருந்தது. நிறையக் கீழே அல்ல. அதைத் தாண்டினால் பிஸ்டன் உருகவும் கூடும். அப்புறம் யாரும் எங்கும் போக முடியாது.

"போங்க பாய். நான் சொல்றப்ப மட்டும் காலை எடுங்க."

அந்த ஏற்றம் முழுக்க நான் வேறு எதையும் பார்க்கவில்லை. "கொஞ்சம் விடுங்க... இன்னும்... இப்ப மிதிங்க." நான் சொன்ன கணத்தில் எஞ்சின் சத்தம் தணிந்தது, எழுந்தது. குழந்தையின் மூச்சு இரைவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருமுறை முள் கோட்டைத் தொட்டது. பாய் கியரைக் குறைத்தார், இறங்கியது. நிற்காமலே மேலே போய்விட்டோம். சந்தைக் கூட்டத்துக்குள் ஹாரனை அடித்தபடி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனார்.

நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று கண்டக்டரிடம் சொன்னாராம்.

இன்ஜெக்டர் வந்ததும் மாற்றினோம். பம்பையும் சரிசெய்தோம். ஆறு சிலிண்டரும் ஒரே சூட்டுக்கு வந்தன, கரும்புகை நின்றது. முதலாளி ஒருநாள் கூடவே வந்து பார்த்துவிட்டு, இறங்கும்போது பாயின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் வேலை முடியும் முன் அந்தப் பெண் மறுபடி பஸ்ஸில் ஏறினாள். குழந்தை தன் காலிலேயே நின்றது. "அக்காகிட்ட இரு, வர்றேன்," என்று அதை என்னிடம் விட்டுவிட்டுச் சாமை மூட்டையை பஸ் கூரைமேல் ஏற்றப் போனாள். குழந்தை என்னைக் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தது. பிறகு என் புடவையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தன் அம்மா எங்கே என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தது.