குருவி எழுதிய பக்கம்

எட்டாவது மாடிக்கும் மேலே, மெஷின் ரூமில், லிஃப்டுக்காரர் பிரேக்கைக் கழற்றிப் போட்டுக் குனிந்திருந்தார். லிஃப்ட் நின்றிருந்ததால் குருவியின் அக்கா அத்தனை படியும் ஏறியே வந்தாள். கையில் ஒரு கவர்.

"தம்பி, இதப் படிச்சுப் பாருங்க. அவனுக்கு இருந்த ஒரே கூட்டாளி நீங்கதான்."

இளைஞர் மன்றத்திலிருந்து வந்த கடிதம். எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோன குருவியின் பெயருக்கு வந்திருந்தது. 'ஐயா, பதினோரு ஆண்டுகளாகத் தாங்கள் அனுப்பிய கருவிப் பெட்டிகளில்தான் எங்கள் பிள்ளைகள் வயரிங் கற்றுக்கொள்கிறார்கள். இந்த ஆண்டு பெட்டி வரவில்லை. தாங்கள் நலமா?'

லிஃப்டுக்காரர் கடிதத்தைக் கவருக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கம்மா ஊசி போட வழியில்லாமக் கெடந்தாங்க," என்றாள் அக்கா. "கையில ஒண்ணுமில்லக்கான்னு எம்முன்னாடி நின்னு அழுதான். நானும் நம்பினேன். அந்த வருஷமும் பொட்டி வாங்கி அனுப்பியிருக்கான். அவன் போட்டோவச் செவுத்துலேர்ந்து எறக்கிட்டேன், தம்பி. பாக்கவே பிடிக்கல." பிறகு, "இல்ல, வேற யாராச்சும் அவன் பேர்ல அனுப்பியிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

கேட்ட விதத்திலேயே தெரிந்தது, ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவள் எட்டு மாடி ஏறி வந்திருக்கிறாள் என்று.

"தெரியலையேக்கா," என்றார் லிஃப்டுக்காரர்.

அவள் கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். பிரேக்கை மாட்ட ஐந்து நிமிடம் ஆகும். இருக்கச் சொல்லி லிஃப்டிலாவது இறக்கி விட்டிருக்கலாம். அதுகூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மன்றம் எத்தனையோ பேரை ஆளாக்கியிருக்கிறது. இவரும் குருவியும் பதினாறு வயதில் அங்கே சேர்ந்தவர்கள். கூரைப் பலகைக்குள் நுழைந்து வயர் இழுக்கத் தோதான சின்ன உடம்பு என்பதால் அவனுக்குக் குருவி என்று பெயர். டெஸ்டர் பிடிப்பதிலிருந்து கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவது வரை எல்லாவற்றையும் அங்கேதான் கற்றார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தவறு செய்தவர் அதைத் தன் கையால் தவறு நோட்டில் எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டால் அப்புறம் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

பதினெட்டு வயதில், ஆண்டு விழாவுக்கு முதல் நாள், மேடைக்குப் போன வயரில் ஒரு ஜாயிண்டுக்கு டேப் சுற்றாமல் விட்டார் இவர். அவசரம்தான், வேறொன்றுமில்லை. திரை எரிந்தது, பெஞ்சு எரிந்தது, மேடையில் பாதி கரியானது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை. காய்ச்சல் என்று சொல்லி இவர் மூன்று நாள் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. வேலைக்குப் போனது இரண்டே பேர். ஒருவர் எழுதியாக வேண்டும். குருவி இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள் அவனே எழுதிவிட்டான்.

வழக்கப்படி அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் லிஃப்ட் கம்பெனி வேலை பழக ஓர் ஆள் கேட்டது. மன்றம் இவர் பெயரைக் கொடுத்தது. குருவி மூட்டை தூக்கப் போனான். முப்பத்தைந்து வயதில் முதுகு போயிற்று, பிறகு குடி பிடித்துக்கொண்டது.

ஒருநாள் சந்தையில் இடுப்பில் முதுகுவலி பெல்ட்டோடு அவனைப் பார்த்துவிட்டு வந்த வாரம்தான் இவர் முதல் பெட்டியை வாங்கினார். தன் பெயரில் அனுப்ப மனசு உறுத்தியது. அனுப்புகிறவர் பெயரும் விலாசமும் கடைக்காரர் கேட்டபோது குருவியுடையதைச் சொல்லிவிட்டார். என்றாவது அவன் மன்றத்துப் பக்கம் போனால் மரியாதையாகக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள் என்று ஒரு கணக்கு. என்ன கணக்கோ. உண்மையைச் சொல்வதைவிடப் பெட்டி வாங்குவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா வந்துபோன அன்று சாயங்காலம், முப்பத்திரண்டு வருடம் கழித்து மன்றத்துக்குள் நுழைந்தார். சுவரோரம் பதினோரு பெட்டிகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொரு மூடியிலும் குருவியின் பெயர். செயலாளராக இருந்த பெண் பழைய நோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். தவறு நோட்டை அங்கே யாரும் தூக்கிப் போடுவதில்லை.

'மேடை வயருக்கு டேப் சுற்றாமல் விட்டது நான்' என்று குருவி கோணல்மாணலாக எழுதியிருந்தான். அதன் கீழே இவர் எழுதினார்: 'அது நான். அவன் அப்போது கூரைக்குள் இருந்தான். பெட்டிகளை அனுப்பியதும் நான்தான்.'

அந்தப் பெண் படித்தாள். பெட்டிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. குருவியின் அக்காவிடம் காட்ட இவர் நோட்டைக் கேட்டதும், "நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடுங்க சார்," என்று மட்டும் சொன்னாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது லிஃப்டுக்காரருக்கு. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை அக்காவுக்கு. துணி தேய்த்துக்கொண்டிருந்தவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நோட்டை வாங்கினாள். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

"அந்த லிஃப்ட் வேல?"

"அவனுக்குப் போயிருக்கணும்க்கா. எங்கள்ல அவன்தான் கெட்டிக்காரன்."

"டேப் சுத்தாதது நீங்கன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒருநாளும் கேட்டதில்ல. எழுதிட்டா கேக்கக் கூடாது, மன்றத்து வழக்கம்."

"நான் உங்க மன்றத்துல இல்ல," என்றாள் அக்கா. "நான் கேப்பேன்." இந்தத் தடவை தம்பி என்ற சொல் இல்லை.

"எங்கம்மா படுத்திருந்தப்ப வந்து பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அந்த வருஷம் பொட்டி எந்தக் கடையில வாங்கினீங்க?"

"பாலத்துக்குக் கீழ இருக்கிற கடையில."

"எதுத்தாப்புல மருந்துக்கடை இருக்கு. தெரியுமா?"

"தெரியும்."

பரணிலிருந்து போட்டோவை எடுத்தாள். தேய்ப்பதற்கு விரித்திருந்த துணியின் ஓரத்தால் கண்ணாடியைத் துடைத்தாள். பழைய ஆணியிலேயே மாட்டினாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, அங்கிருந்த ஒரே ஸ்டூலில் தான் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லுங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள்.