போர்டு இல்லாத இடம்

குடோனில் அவருக்கு லேபிள் என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருடமாக லாரியிலிருந்து இறங்கும் பெட்டிகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. பெட்டியைத் திறக்க மாட்டார், தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார். மேலே ஒட்டிய சீட்டும் கையிலிருக்கும் பட்டியலும் ஒத்துப்போனால் ஒரு டிக். ஒருமுறை விளக்கு என்று எழுதி வந்த பதினோரு பெட்டிகளிலும் உடைந்த ஓடு இருந்தது. விசாரணையில், "லேபிள் சரியா இருந்துச்சு சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் அதைப் போருக்குப் போய் வந்தவர்போல நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி எதுவும் மிச்சமில்லை என்று மனைவிக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

அப்படிப்பட்ட மனிதர் மனைவியையும், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு பழைய நகரம் பார்க்கக் கிளம்பினார். ஒரே நாளில் ஐந்து இடம். ஐந்து மணிக்குக் கடைசி பஸ். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே டிக் போடக் கட்டம்கூட வரைந்திருந்தார்.

ஐந்தாவது இடம் மட்டும் மனைவி கேட்டது. நிலத்தடி நீர்த்தொட்டி. எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் அதன் படம் இருந்தது. இருட்டுத் தண்ணீரில் வரிசையாகத் தூண்கள், கூரையில் ஒரு துவாரம், அதன் வழியாக விழும் ஒற்றை வெளிச்சம். அந்தப் பாடம் வருவதற்குள் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தையல் மிஷினில் உட்கார வைத்துவிட்டார்கள். எங்கே போகலாம் என்று அவளை யாரும் கேட்டதில்லை. இந்த முறையும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

முதலில் கோட்டை. வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையை அவர் செல்போனில் படம் எடுத்தார். விரலால் பெரிதாக்கி, எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். டிக்.

"உள்ள போகலியாப்பா?" என்றாள் மகள்.

"எல்லாம் இதுல போட்டிருக்கான். வீட்ல போய் நிதானமா படிச்சுக்கலாம்."

"அப்ப இங்க எதுக்கு வந்தோம்?"

"பாக்கத்தான்."

அரண்மனையும் மணிக்கூண்டும் இப்படியே முடிந்தன. அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. வாளைப் பழுதுபார்க்க எடுத்துப் போயிருந்தார்கள். வாளின் விவரச் சீட்டு மட்டும் உள்ளே இருந்தது. அவர் குனிந்து அதையும் படம் எடுத்தார். காலிப் பெட்டிக் கண்ணாடியில் தெரிந்த அந்தத் திருப்தியான முகத்தை மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிப்பு வந்தது. கூடவே, நிரந்தர வேலை, குடி கிடையாது, அதிகம் பேசமாட்டார் என்று மூன்று வரி கேட்டுக் கல்யாணத்துக்குத் தலையாட்டியது தானும்தானே என்று தோன்றியது. அந்த நினைப்புக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

நீர்த்தொட்டிக்கு வந்தபோது மணி நாலு பத்து. வாசலில் இரண்டு இரும்புக் கம்பங்கள் மட்டும் நின்றன. பெயிண்ட் அடிக்கப் பலகையைக் கழற்றிக் கொண்டுபோயிருப்பதாகக் காவலாளி சொன்னார்.

"இதுதான் அந்த இடம்னு எப்படித் தெரியும்?" என்றார் லேபிள்.

"ஒம்பது வருசமா இங்கதான் சார் உக்காந்திருக்கேன்."

"நீங்க வாயால சொல்றீங்க. எழுத்துல இல்லையே." மனைவி பக்கம் திரும்பினார். "வா, போகலாம். இப்பவே போனா ஜன்னல் சீட்டு கிடைக்கும்."

அவள் கைப்பையை அவர் கையில் திணித்தாள். "பிடிங்க."

"எங்க போற?"

"சரக்கு இருக்கான்னு பாத்துட்டு வரேன்."

படிகள் செங்குத்தாக இறங்கின. மகள் பின்னாலேயே வந்தாள். கீழே குளிர்ச்சி, தூண்கள் இருந்தன, துவாரம் இருந்தது, வெளிச்சமும் விழுந்தது. ஆனால் அந்த வெளிச்சத்துக்குள் தூசி மெல்லச் சுழன்றுகொண்டிருந்ததைப் படத்தில் யாரும் காட்டியிருக்கவில்லை. மகள், "இதைக் கட்டினது வந்து..." என்று ஏதோ வருடத்தைச் சொல்ல வாயெடுத்தாள். தன் குரல் அப்பாவின் குரல்போல ஒலித்ததோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை வைத்தாள்.

"நாலு இருபது ஆச்சு" என்று மேலேயிருந்து குரல் வந்தது. தூண்களும் ஆளுக்கொரு முறை நாலு இருபது என்றன. பிறகு நாலரை என்றன. அவள் காலை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டாள்.

நாலே முக்காலுக்கு ஏறி வந்தார்கள். சீட்டு ஒட்டாத பெட்டியை யாரோ தலையில் கட்டிவிட்டதுபோல, கைப்பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி அதே இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

பஸ் கிடைத்தது, ஜன்னல் சீட்டும் கிடைத்தது. அதில் அவள் உட்கார்ந்தாள். அவர் பட்டியலை எடுத்து, ஐந்தாவது கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"உள்ள என்னதான் இருந்துச்சு?"

ஈரக் காலைச் செருப்புக்குள் அசைத்துக்கொண்டே அவள் வெளியே பார்த்தாள்.

"போர்டு மாட்டட்டும். வந்து படிச்சுக்குங்க."

நியாயமான பதில்தான் என்பதுபோல அவர் தலையாட்டினார். கட்டத்துக்குள் 'போர்டு இல்லை' என்று எழுதி, பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.