விமானம் விழுந்ததும் என் இடுப்புப் புட்டியும்

1. தகரம் தட்டிய காலை

சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எனக்கு வாச்சர் வேலை. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த பிறகு அது ஆறாவது வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு, கால் ஓரிடத்தில் நிற்காது. மேல் எல்லையில் யானை வந்தால் தகரம் தட்ட வேண்டும், அவ்வளவுதான். மேனேஜரை நாங்கள் துரை என்போம். டூட்டியில் குடித்தால் செக்ரோல் என்கிற ஆள் பதிவில் பேரை வெட்டிவிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனாலும் குளிருக்கு இடுப்பில் ஒரு சின்னப் புட்டி இருக்கும். அங்கே அந்தச் சாராயத்துக்குக் கசிப்பு என்று பேர், இங்கே பட்டை. நாற்றம் ஒன்றுதான்.

ஒரு மழைக்காலக் காலை, பனிமூட்டத்துக்குள் பெரிய இரைச்சல். பிறகு மரம் முறியும் சத்தம். யானைதான் என்று தகரம் தட்டினேன். போய்ப் பார்த்தால் சின்னச் சரக்கு விமானம் ஒன்று சரிவில் மூக்கைக் குத்திக் கிடக்கிறது. சுற்றிலும் கம்பளி மூட்டைகள். உள்ளே பைலட் மட்டும்தான். கால் உடைந்திருந்தது, உடம்பு வெடவெடவென்று ஆடியது. என்னிடம் இருந்த மருந்து ஒன்றுதான். வாயில் இரண்டு மடக்கு ஊற்றினேன், மிச்சத்தைக் காயத்தில் ஊற்றினேன். தகரச் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களோடு சேர்ந்து, கம்பளியிலேயே அவரைத் தூக்கி டிஸ்பென்சரியில் சேர்த்தேன்.

2. ஆளுக்கொரு காரணம்

மத்தியானத்துக்குள் விமானம் ஏன் விழுந்தது என்று எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

லாரி டிரைவர் சொன்னார்: "எறக்கத்துல நியூட்ரல்ல உட்டிருப்பாருங்க. பெட்ரோல் மிச்சம் புடிக்கிற புத்தி."

பேக்டரியில் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் சொன்னார்: "பெல்ட் அந்துருக்குமுங்க. சத்தத்துலயே தெரிஞ்சு போச்சுங்க."

இலங்கையில், பதுளைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக்குப் பக்கத்து லயத்தில் இருந்த ராக்கம்மா அக்கா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தார். "மூட்டைய ஒரு பக்கமா அடுக்கியிருப்பானுக. கூடை சாஞ்சா ஆளு சாயாதா?"

அப்போதுதான் டிஸ்பென்சரி கம்பவுண்டர் வந்து ஒரு போடு போட்டார்: "வாயத் தொறந்ததும் குப்புன்னு அடிச்சுதுங்க. குடிச்சுட்டு ஓட்டியிருக்கான்."

பெல்ட்டும் நியூட்ரலும் அத்தோடு போயின. "மேகத்துல கடை வச்சிருக்காங்க போல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவன் நான்தான். சிரித்து முடித்த பிறகுதான் என் இடுப்பு ஞாபகம் வந்தது.

3. மேசைமேல் புட்டி

மூன்றாம் நாள் விசாரணை ஆபீசர் வந்தார். பேக்டரி வராந்தாவில் மேசை. பக்கத்தில் துரை. கம்பவுண்டர் சொன்னதை எழுதிவிட்டு, "இதோட அந்த பைலட் உத்தியோகம் முடிஞ்சுது" என்றார் ஆபீசர். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். ராக்கம்மா அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வாய மூடிக்கிட்டு இருடா. பேரு போயிரும்."

"கிட்ட போனப்ப வாசனை அடிச்சுதா?" என்று கேட்டார் ஆபீசர்.

"அடிச்சுதுங்க ஐயா. இதுலருந்து." காலிப் புட்டியை மேசைமேல் வைத்தேன். "விழுந்ததுக்கு அப்புறம் நான்தான் ஊத்தினேன்."

துரை முகம் சிவந்தது. "அவன் முன்னாடியே குடிக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஆபீசர் புட்டியை மோந்து பார்த்து, நாற்காலியோடு பின்னால் போனார். "முன்னாடியே இதைக் குடிச்சிருந்தா விமானம் கெளம்பியே இருக்காது சார்" என்று சொல்லி, எழுதியதை அடித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே துரை என் பேரை வெட்டினார். தகரப் பெட்டியோடு கிளம்பினேன். ராக்கம்மா அக்கா ஒரு புதுக் கம்பளியை என் தோளில் போட்டார். அந்த வாரம் லயத்தில் வீட்டுக்கு வீடு அதே நிறக் கம்பளிதான், எல்லாம் விமானத்து மூட்டையிலிருந்து வந்தது. "கம்பளி அடிச்சவன் எல்லாம் வேலையில இருக்கான், புட்டி குடுத்தவன் போறான் பாரு" என்றார் அக்கா.

அந்த விமானம் ஏன் விழுந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. எதனால் விழவில்லை என்று மட்டும் தெரியும். பிறகு எத்தனையோ இடத்தில் வேலை பார்த்தேன். ஏதாவது கெட்டுப்போனால் எங்கேயும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் முதலில் என் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.