புல் வெட்டியவருக்கு அரையிறுதி

அரையிறுதிக்கு ஒன்பது நாள் இருந்தபோது எங்கள் அணியிடம் ஒன்றரைப் பிட்சர்தான் மிச்சம்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். மேட்டில் நின்று பந்தை எறிபவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சரின் கை நன்றாக இருந்தால் மற்ற எட்டுப் பேரும் வெறுமனே வெயில் காயலாம். அவர் கை சரியில்லை என்றால் அந்த எட்டுப் பேரும் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தும் பயனில்லை. தொண்ணூறு பந்து எறிந்த கைக்கு நாலைந்து நாள் ஓய்வு வேண்டும். ஆகவே ஒரு அணிக்கு மூன்று பேராவது தேவை. எங்கள் மூவரில் ஒருவன் ஓகஸ்ட் கடைசியில் படிப்புக்காக டென்மார்க்கின் வடக்கே ஓல்போர்க் நகருக்குப் போய்விட்டான். மிச்சம் இரண்டு பேர். அதில் ஒருவரை நான் அரை என்றுதான் கணக்கு வைத்திருந்தேன்.

நான் விளையாடுபவன் அல்லன். இரண்டு கோடையாக அந்தக் கழகத்தின் குறிப்புப் புத்தகத்தை எழுதிவந்தேன். யார் எறிந்தது, எந்தப் பக்கம் போனது, எத்தனையாவது பந்தில் கை தளர்ந்தது, எல்லாம் பென்சிலில். சில்க்போர்க்கிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்து ஒரு சின்னக் கழகத்துக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஏழாம் வகுப்போடு நிறுத்தியவர். இங்கே வந்து இருபத்தெட்டு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவர். எனக்குக் கிடைத்த எல்லாம் மார்க்கால் கிடைத்தது. திறமை உள்ளவன் முன்னுக்கு நிற்க வேண்டும் என்பதை நான் வேதம் போல நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

அந்த முழுப் பிட்சர் என் நண்பன். அவனைத் தந்தது எங்கள் தமிழ் கிரிக்கெட் கழகத்தின் மடமை. பந்துவீசும்போது அவன் முழங்கை மடிகிறதாம், அது வீச்சு இல்லையாம், எறியாம். மூன்று அண்ணைமார் பட்டிஸ் கடித்துக்கொண்டு தொலைபேசியில் எடுத்த வீடியோவில் அவன் கையை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். மூவரில் எவருக்கும் சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்ட வயிறு விடாது. அவன் சண்டை பிடிக்கவில்லை. "சரி அண்ணை, எறியிறதுக்கெண்டே வேறை ஒரு விளையாட்டு இருக்காம், நான் அங்கை போறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அந்தக் கையைத்தான் இரண்டு வருடமாக நான் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தேன்.

அரைப் பிட்சர் ஒரு பஸ் சாரதி, டேனிஷ்காரர், அறுபதை நெருங்கியவர். மைதானத்துப் புல்லை வெட்டுவதும் பிட்சர் நிற்கும் மண்மேட்டைக் கொத்திச் சமன் செய்வதும் அவர்தான். அந்த வேலையை நன்றாகச் செய்வார். பந்து எறிவதை அந்த வேலையைச் செய்தமைக்குக் கிடைத்த பரிசாகச் செய்வார்.

அந்தப் பருவத்தின் கடைசி வார இறுதியில் இரண்டு ஆட்டங்கள். சனிக்கிழமை, பட்டியலில் கடைசியாக நின்ற அணியோடு. வென்றாலும் தோற்றாலும் ஒன்றும் மாறாது. ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. ஒரு குழந்தைக்கும் விளங்கும் கணக்கு: சனி பஸ் சாரதி, ஞாயிறு என் நண்பன். நான் அதைக் கோடு போட்ட தாளில் எழுதி, காரணங்களும் எழுதி, பயிற்றுநருக்கு அனுப்பினேன். வியாழக்கிழமை நான் வேலையில் நின்றபோது கழகத்தில் கோப்பி குடித்துக்கொண்டு வாக்கெடுத்திருக்கிறார்கள். நண்பன் தொலைபேசியில் சொன்னான்.

"மச்சான், மாத்தீட்டினம். சனி நான். ஞாயிறு அந்தாள்."

"விசரே அவங்களுக்கு? ஆர் சொன்னது?"

"எல்லாரும் தான். கை உயர்த்தினவை."

"நீயுமோ?"

"ஓம். நானும் உயர்த்தினனான். அந்தாளுக்கு இது கடைசி வருசமடா. பிள்ளையள் ஞாயிறு மட்டும்தான் வரலாமாம்."

"பிள்ளையள் வந்து பாக்கிறதுக்கு அந்தாள் புல்லு வெட்டிக் காட்டலாமே!"

அவன் சிரித்தான். தன் இடம் பறிபோனவன் சிரித்தால், அவனுக்காகக் கோபப்படுபவன் முட்டாளாகிவிடுகிறான். அதற்காகவே அவனை நான் இரண்டு நாள் மன்னிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பயிற்றுநரை நேரில் பிடித்தேன். அவர் பாலர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்பவர். எதிரில் நிற்பவனுக்கு மூன்று வயது என்ற நினைப்பிலேயே எப்போதும் பேசுவார். என் தாளை மடிக்காமல், கவனமாகப் பிடித்துக்கொண்டு, டேனிஷில் சொன்னார்: "உன் கணக்கு சரியாகத்தான் இருக்கும். மிக அழகாக எழுதியிருக்கிறாய்."

"அப்படியானால் மாற்றுங்கள்."

"வாக்கெடுத்தாயிற்றே."

"அரையிறுதியை அவருடைய பிள்ளைகளுக்காகவா விளையாடுகிறோம்?"

"வேறு யார் வருவார்கள் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் பொறுத்திருப்பேன். உண்மையாகவே கேட்டார்.

சனிக்கிழமை என் நண்பன் எறிந்த ஆட்டம் என் புத்தகத்தில் இருப்பவற்றுள் மிகச் சுத்தமான பக்கம். எதிரணியில் இரண்டு பேர்தான் அவன் பந்தை ஒழுங்காகத் தொட்டார்கள். பார்க்க வந்தவர்கள் ஐந்து பேர், ஒரு நாய். எண்பத்தாறு பந்து. ஒவ்வொன்றையும் எழுதும்போது, குப்பைத்தொட்டிக்குள் நல்ல சாப்பாட்டைக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் காரில் கொண்டுவந்து விட்ட அப்பா, காற்று அடித்தும் திரும்பிப் போகாமல் என் பக்கத்திலேயே மடக்குக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பஸ் சாரதியின் மகளும் இரண்டு மகன்களும் பேரப்பிள்ளைகளும் சிறு டேனிஷ் கொடிகளோடு வந்திருந்தார்கள். அவர் மேட்டில் ஏறி, தானே கொத்திய மண்ணைச் சப்பாத்தால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். அதுதான் அன்று அவர் செய்த கடைசிச் சரியான காரியம்.

நாலு பந்து பிழையாகப் போனால் அடிக்க நிற்பவன் சும்மா நடந்து முதல் தளத்துக்குப் போகலாம். முதல் ஆள் நடந்தான். இரண்டாம் ஆள் நடந்தான். மூன்றாம் ஆள் நடந்தபோது தளங்கள் மூன்றும் நிறைந்தன. நாலாம் ஆளும் நடக்க, முன்னால் நின்றவன் வேர்க்காமல் வீடுவந்து சேர்ந்தான், அவர்களுக்கு ஒரு ஓட்டம்.

"தம்பி, இவர் என்ன வேலை எண்டனீ?" அப்பா கேட்டார்.

"பஸ் ஓடுறவர்."

"அதுதானே பாத்தன். எல்லாரையும் ஏத்தி, சுத்திக் கொண்டுபோய், இறக்கிவிடுறார். ரிக்கெற்றும் கேக்கேல்லை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்கு அது பெரிய திருப்தி. பக்கத்தில் இருந்த பேரப்பிள்ளைக்கு ஒரு மிக்ஸர் பையை நீட்டினார். ஒவ்வொருவன் நடந்தபோதும் அந்தக் குடும்பம் கொடியை ஆட்டியது. அவர்களுக்கு ஆட்டம் விளங்கவில்லை. எல்லோரும் நடப்பது நல்ல சகுனம் என்று நினைத்திருக்க வேண்டும். மூன்றாவது சுற்று முடிவதற்குள் பதினொரு ஓட்டம் போய்விட்டது. நண்பன் வெளிக் களத்தில், கையைப் பனிக்கட்டியில் வைத்திருக்க வேண்டியவன், ஓடி ஓடிப் பந்து பொறுக்கினான். பதினேழுக்கு நாலு என்று தோற்றோம். அவரை மேட்டிலிருந்து இறக்கியபோது எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். எதிரணியும் கை தட்டியது. எதிரணி தட்டியதற்குக் காரணம் எனக்கு விளங்கியது.

பிறகு கழக அறையில் கேக். தோற்ற அணி என்பதற்கு ஒரு முகத்திலும் அடையாளம் இல்லை. என் நண்பன் அந்தக் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். பயிற்றுநர் கரண்டியால் கோப்பையைத் தட்டி, முதலில் பஸ் சாரதிக்கு நன்றி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். இரண்டு வருடமாக ஒரு ஆட்டமும் விடாமல் எழுதியவர், ஒருநாளும் நன்றி கேட்காதவர் என்றார். "ஆகவே நாங்கள் யோசித்தோம். ஏப்ரலில் வரும் முதல் சிநேக ஆட்டத்தை இவர் தொடங்கட்டும். மேட்டில் இவர்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். என்னிடம் பதில் தயாராக இருந்தது. இங்கிருந்து அந்தக் கதவுவரை பந்தை நேராக எறியத் தெரியாத ஒருவனை மேட்டில் ஏற்றுவது விளையாட்டுக்கே அவமானம் என்று, டேனிஷில், இலக்கணப் பிழை இல்லாமல் சொல்ல என்னால் முடியும். அதற்குத்தானே படித்தேன்.

"யா, தக்," என்றேன். ஓம், நன்றி. அவர்கள் தட்டி முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

கதவடியில் நின்று பார்த்திருந்த அப்பா காரில் ஏறியதும் கேட்டார். "என்னவாம்? உனக்கேன் மேசையைத் தட்டினாங்கள்?"

சொன்னேன்.

"உனக்கு எறியத் தெரியுமே?"

"தெரியாது."

"பிறகேன் ஓமெண்டனீ?"

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். அவர் ஒரு சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தார். "அந்தாளாவது புல்லு வெட்டினவர்," என்றார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, எங்கள் குடியிருப்பின் பின்னால், சைக்கிள் கொட்டிலின் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு சதுரம் கீறினேன். நண்பனிடம் வாங்கிய பழைய பந்தால் முப்பது முறை எறிந்தேன். புத்தகத்தில் புதிய பக்கம் திறந்து, மற்றவர்களுக்கு எழுதுவதுபோலவே ஒளிக்காமல் எழுதினேன்: சதுரத்துக்குள் நாலு. இப்படி ஒருவன் வேறு யாராகவாவது இருந்திருந்தால் நான் அவனை அரை என்றுகூடக் கணக்கில் எடுத்திருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஐந்து.