மலையணில் கத்தியபோது

பாவாயியின் கைகள் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தன. கண் மட்டும் புளியங்கிளையில் தொங்கிய தூளியை விட்டு அகலவில்லை. 1937 ஐப்பசி. தூளியில் கிடந்த பிள்ளைக்கு இரண்டு மாதம். எருமப்பட்டியில் நான் மருத்துவச்சியாக இருந்தபோது அவளுடைய மூன்று பிரசவத்தையும் பார்த்தேன். முதல் இரண்டும் தங்கவில்லை. இதுவும் போய்விடும் என்று பயந்தே அவள் சரியாகச் சோறு தின்பதில்லை. திட்டியும் பார்த்தேன்.

புருஷன் சென்றாயனோடு அந்த மாதம்தான் கொல்லிமலை அடிவாரத் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். அதுவரை அவளுக்குத் தெரிந்தது முதுகில் மூன்று கோடு போட்ட அணில். அது தரைக்கும் மரத்துக்குமாக ஓடித் திரியும். வாலை அடித்து விடாமல் கீச்சிட்டால், கீழே பாம்போ பூனையோ இருக்கும்.

அன்று காலை மரத்தின் உச்சியில் ஒரு செம்பழுப்பு உருவம் தாவியது.

“என்னங்கக்கா அது, பூனையா?”

“மலையணிலு, அம்மிணி. கொப்பை உட்டு எறங்காது,” என்றாள் பக்கத்தில் காய் ஆய்ந்த மாரக்காள்.

“முதுகுல கோடே காணோமுங்க!”

“உன்ற ஊரு அணிலே எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிருச்சாட்ட இருக்குது.”

உச்சி வெயிலில் அந்த அணில் கடகடவென்று கத்தத் தொடங்கியது. பாவாயி குச்சியோடு ஓடினாள். தூளிக்குக் கீழே புல்லையெல்லாம் அடித்தாள், சருகைக் கிளறினாள். ஒன்றுமில்லை. அணிலும் நிறுத்தவில்லை.

“மேல பாரு புள்ள! அது மேல இருக்கறதுக்குத்தான் கத்தும்!” என்று மாரக்காள் அலறினாள்.

தூளி கட்டிய கிளையில், முழங்கைப் பருமனில் ஒரு மலைப்பாம்பு. கயிற்றின் முடிச்சுக்கும் அதன் தலைக்கும் ஒரு சாண் தூரம். பாவாயி குச்சியோடு அப்படியே நின்றுவிட்டாள். பாம்பு முடிச்சின் மேல் தலையை வைத்தபோதுதான் அவள் கை தூளிக்குள் போனது. பிள்ளையைக் காலைப் பிடித்து இழுத்து, மாரோடு அணைத்துக்கொண்டு ஓடி, கடலைக்கொடிக் குவியலில் விழுந்தாள்.

சாயங்காலம் என்னை அழைத்துப் போனார்கள். துணியை அவிழ்த்துப் பிள்ளையை முழுக்கப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, பசியில் கத்தியது. தாய்க்குத்தான் பயத்தில் பால் இறங்கவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பிள்ளையை மாரில் வைத்தேன். வெகுநேரம் கழித்துக் குடித்தது.

“இனி ஊட்டை உட்டு வெளிய வரமாட்டேனுங்க,” என்றாள்.

“ஊட்டுக் கூரையில பாம்பு ஏறாதா?” என்று கேட்டேன்.

மறுநாள் காலை, சென்றாயன் வெட்டிக் கொடுத்த மூன்று மூங்கிலை, மர நிழல் எட்டாத இடத்தில் அவளே கூட்டிக் கட்டினாள். அதில் தூளியைத் தொங்கவிட்டு, வெயிலுக்குப் பழைய சேலையைப் போர்த்தினாள். கீழேயும் பார்த்தாள், மேலேயும் பார்த்தாள். பிறகு காய் ஆய உட்கார்ந்தாள்.