ஒரு காஸ்கெட்டும் ரஹீம் பாய் வீட்டுத் தண்ணீரும்

போன வாரம் பெய்த மழையில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது. காலையில் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் பிடுங்கிக்கொண்டார்கள். நடந்ததைச் சொல்கிறேன்... நீங்களே சொல்லுங்கள்.

நான் குடியிருப்பது பருத்திப்பட்டில், ஏரிக்குப் பக்கத்தில். 'லேக் வியூ' என்று சொல்லித்தான் ஃபிளாட்டை விற்றார்கள். மழைக்காலத்தில் வியூவோடு நிற்காமல் ஏரியே பேஸ்மென்ட்டுக்கு வந்துவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அன்று காலை பேஸ்மென்ட்டில் முழங்கால் அளவு தண்ணீர். கார்களின் டயர் தெரியவில்லை. கரண்ட் இல்லை. லிஃப்ட் இல்லை. ஆளாளுக்குப் படிக்கட்டில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

அசோசியேஷனிடம் பெட்ரோலில் ஓடும் ஒரு சின்ன பம்ப் உண்டு. முன்பு ஒரு வெள்ளத்துக்குப் பிறகு வாங்கியது. அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. செக்ரட்டரி பிரபாகர் அதை வெளியே இழுத்து வந்தார். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர், நல்ல சுறுசுறுப்பு. கயிற்றை இழுத்தார். புர்ர்ர்... என்று கிளம்பியது. எகிறியது. விக்கியது. செத்தது. மறுபடி இழுத்தார். மறுபடி அதே கதை.

குனிந்து பார்த்தேன். கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தில் ஒரு காஸ்கெட் இருக்கும். போஸ்ட் கார்டு தடிமனில் ஒரு துண்டு. நடுவே காற்று புகாமல் அடைத்துக்கொண்டிருப்பது மட்டும்தான் அதன் வேலை. அது நைந்து பிய்ந்திருந்தது. வழியில் காற்றைக் குடித்தால் இன்ஜின் எப்படி ஓடும்?

பிரபாகர் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார். "அந்த மாடல் இப்ப வர்றதில்ல சார். புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். ஆன்லைனில் தேடினார். வியாழக்கிழமை டெலிவரியாம். எதில் வரும்... படகிலா?

"நான் செஞ்சு தர்றேன்" என்றேன்.

எழுத வருவதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்ஜின் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள் நான். பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் செக்ரட்டரிக்குத் தெரியாது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

ஷீட் வேண்டுமே? எங்கள் பின்பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு தெரு இருக்கிறது. எங்கள் தரையைவிடத் தாழ்வு. அதன் முனையில் ரஹீம் பாயின் மெக்கானிக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பின்கேட் வழியாகப் போனேன். தெருவில் தண்ணீர் நின்றது. ஆனால் அவர் வீட்டுப் படியை இன்னும் தாண்டவில்லை. வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, இந்த மழையில?"

"காஸ்கெட் ஷீட் இருக்கா பாய்? எங்க பம்ப் நின்னுபோச்சு."

"ஒசரத்துல கீற உங்க ஊட்லயே தண்ணி பூந்துச்சா?" என்று சிரித்தார். கடைக்குள் போய்ச் சுருட்டி வைத்திருந்த ஷீட்டில் ஒரு துண்டைக் கிழித்து வந்தார். "எட்த்துக்கினு போங்க. காசெல்லாம் வாணாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு பிரசவத்துக்கு வந்துகீதுக்கா. போன வாரந்தான் பேரன் பொறந்தான். இதோட மழை உட்டா போதும்."

உள்ளே குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். பழைய காஸ்கெட் முழுசாக இருந்தால் அதை வைத்தே வரைந்துகொள்ளலாம். இது தூளாக வந்தது. அதனால் கார்புரேட்டர் விளிம்பில் ஒட்டியிருந்ததையெல்லாம் கீறல் விழாமல் சுரண்டி எடுத்தேன். விரலில் கிரீஸ் தொட்டு விளிம்பு முழுக்கத் தடவி, ஷீட்டை அதன்மேல் அழுத்தினேன். அச்சு அப்படியே விழுந்தது. முதலில் போல்ட் ஓட்டைகள். கட்டையில் வைத்துப் பஞ்ச்சால் ஒரே தட்டு. பிறகு நடு ஓட்டை. இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஒரு நூல் குறைந்தாலும் பெட்ரோல் போகும் வழியை அடைக்கும். ஒரு பிசிறு நின்றாலும் அது இன்ஜினுக்குள் போகும். புது பிளேடால் மெல்ல மெல்லச் சுற்றி வந்தேன். வெளி ஓரத்தைக் கடைசியில் கத்தரித்தேன்.

வைத்து, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி முடுக்கினேன். கயிற்றை நானே இழுத்தேன்.

ஓடியது! ஒரே சீராக, விக்காமல்.

படிக்கட்டு முழுக்கக் கைதட்டல். வாட்ஸ்அப் குரூப்பில் 'இன்ஜினியர் அக்கா' என்று போட்டோவோடு வந்தது. உள்ளுக்குள் குளிர்ந்தது... ஏன் பொய் சொல்ல வேண்டும்? காபி போட வீட்டுக்குப் போனேன். கீழே என் காஸ்கெட் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குடித்தேன்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு சத்தம் கேட்டது. பெண்கள் கத்துகிறார்கள். பின்பக்கத்துப் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

பம்ப்பின் ஹோஸைப் பின்சுவருக்கு மேலே போட்டிருந்தார்கள். எங்கள் தண்ணீர் வளைந்து போய் ரஹீம் பாய் தெருவில் விழுந்துகொண்டிருந்தது. மணல் மூட்டைகளுக்கு மேலே ஏறி அவர் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் மனைவி மும்தாஜ் நனைந்த மெத்தையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். மகள் கடை பெஞ்சின்மேல் நின்றிருந்தாள். மார்போடு ஒரு துணிப் பொதி. அதற்குள்தான் குழந்தை.

மும்தாஜ் என்னை அண்ணாந்து பார்த்தார். "அக்கா! பச்ச புள்ள கீற ஊட்ல தண்ணி உடறீங்களே!"

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பிரபாகர் பம்ப் பக்கத்தில் குடையோடு நின்றிருந்தார்.

"ஹோஸை எடுங்க பிரபாகர். அங்க வீட்டுக்குள்ள தண்ணி போகுது."

"ரோட்டுல விட்டா நம்ம கேட் வழியாவே திரும்பி வருது மேடம்."

"இன்னொரு துண்டு ஹோஸ் சேர்த்து மழைநீர்க் கால்வாய் வரைக்கும் போடலாமே."

"இந்த மழையில எந்தக் கடை திறந்திருக்கும்? எல்லாம் லோன் போட்டு வாங்கின கார் மேடம். அவங்க தெருவுல ஏற்கெனவே தண்ணிதானே நிக்குது? கொஞ்சம் கூடுது, அவ்ளோதான்."

கொஞ்சம் கூடுது. அவ்ளோதான்!

பெட்ரோலை மூடி இன்ஜினை நிறுத்தினேன். ஸ்பானர் பக்கத்திலேயே கிடந்தது. சூடு ஆறும்வரை காத்திருக்கக்கூடப் பொறுமை இல்லை. விரல் சுட்டது. கார்புரேட்டரைக் கழற்றி காஸ்கெட்டை உருவினேன்.

"மேடம், இது அசோசியேஷன் ப்ராப்பர்ட்டி!"

"பம்ப் உங்களோடது. இந்தத் துண்டு ரஹீம் பாயோடது" என்றேன்.

ஒரு சினிமாவாக இருந்தால் இங்கே முடித்திருப்பார்கள். நான் நிமிர்ந்து நடக்க, பின்னால் எல்லோரும் தலைகுனிய... ஆனால் நடந்தது வேறு.

மதியத்துக்கு மேல் வானகரத்திலிருந்து ஒரு கான்ட்ராக்டர் டிராக்டரில் பெரிய பம்ப் ஒன்றைக் கொண்டுவந்தார். அதே சுவர். இன்னும் தடித்த ஹோஸ். நான் கத்தினேன். மாநகராட்சிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் கைதட்டியவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. குரூப்பில் மட்டும் திறந்தார்கள். 'சொந்த பில்டிங்குக்கே துரோகம்' என்று ஒருவர். 'சீன் போடுகிறார்' என்று இன்னொருவர். நம்பர் பிளேட் வெளியே தெரிந்ததும் கார்களைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள்.

ரஹீம் பாய் மகளையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றிப் பூந்தமல்லியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்.

தண்ணீர் வடிந்த பிறகு அவரைப் பார்க்கப் போனேன். கடை முழுக்கச் சேறு. ஸ்பானர்களை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை நன்றாக இருக்கிறான் என்றார். அது போதும் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது பாய். ஹோஸை அங்க போடுவாங்கன்னு..."

"உங்கள ஒண்ணும் சொல்லலியே மேடம்."

அதுவரை நான் அவருக்கு அக்கா. அன்று மேடம். ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. உட்காரச் சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை.

பம்ப் ஓடுமா, ஓடாதா என்பதை மட்டும்தான் காலையில் நான் யோசித்தேன். அந்தத் தண்ணீர் எங்கே ஓடும் என்று கேட்கத் தோன்றவே இல்லை. பிரபாகருக்குத் தோன்றியிருக்கிறது. தெரிந்தேதான் ஹோஸைத் தூக்கிச் சுவர்மேல் போட்டார். கெட்ட மனிதரா என்றால், அதுவும் இல்லை. போன மாதம் ரத்ததான முகாம் நடத்தினார். சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அவரைப் போல நல்லவர் கிடையாது. நம்மில் பெரும்பாலோர் நல்லவர்களாக இருப்பது இப்படித்தானே... ஒரு காம்பவுண்டுக்குள்?

ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் மீட்டிங். சொந்தமாகப் பெரிய பம்ப் வாங்குவது என்று முடிவு. கால்வாய் வரை பைப் போடலாம் என்று நான் எழுந்து சொன்னேன். "அது நெக்ஸ்ட் ஃபேஸ்ல பார்த்துக்கலாம் மேடம்" என்றார் பிரபாகர். கை தூக்கச் சொன்னார்கள். என்னைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள்.

புது பம்ப்புக்கு இரண்டு வருஷம் வாரண்டியாம். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு..?